அறிவிப்புப் பலகையைத் திருப்பித் தாருங்கள்: பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும், கல்விப் பேரவை உறுப்பினர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல்கலைக்கழக வகுப்பறையில் பாடம் நடத்தி வருகிறேன் என்பதைத் தவிர, இந்த மடலை எழுதுவதற்கு எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. பருவத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நாம் கூடும் கூட்டங்களில், மதிப்பெண்கள் ஏன் சரிந்தன என்ற கேள்வி எழும்போதெல்லாம், மாணவர்கள் கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்கள் என்ற ஒற்றை விடையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை போகிறது. அடுத்த மாதம் சமூக ஊடகங்களின் தீமைகள் குறித்து ஒரு கருத்தரங்கம் நடக்கிறது. அந்தக் கருத்தரங்கம் எத்தனை மணிக்கு, எந்த அரங்கில் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது வாட்ஸ்அப் குழுவில்தான். இதைக் குத்திக்காட்டும் நோக்கத்தில் சொல்லவில்லை. நான் எழுத வந்தது முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் அடங்கியிருக்கிறது: மாணவர்களைச் சமூக ஊடகத்திலிருந்து விலகி இருக்கச் சொல்லும் நாமே, விலக முடியாதபடி அவர்களுடைய படிப்பை அதற்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

சமூக ஊடகத்தால் படிப்பு கெடுகிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தந்திருக்கும் விடை, நம் கூட்டங்களில் பேசப்படுவதைப் போல அவ்வளவு எளிதானது அன்று. 2010-இல் பால் கிர்ஷ்னரும் ஆரின் கார்பின்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வு, ஃபேஸ்புக் பயன்படுத்திய மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணும், வாரத்தில் இத்தனை மணி நேரம் படிக்கிறோம் என்று அவர்களே சொன்ன கணக்கும், பயன்படுத்தாதவர்களைவிடக் குறைவாக இருந்ததைக் காட்டியது. அதன் முதற்கட்ட முடிவுகள் 2009-இலேயே செய்திகளில் பரவியபோது, ஜோஷ் பாசெக், எஸ்டர் ஹார்கிட்டாய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறு மூன்று தரவுத் தொகுப்புகளை எடுத்து ஆராய்ந்து, அப்படியொரு வலுவான தொடர்பு தங்களுக்குத் தென்படவில்லை என்று அதே ஆண்டில் மறுத்து எழுதினார்கள். இருதரப்பும் நேர்மையாகச் செய்த ஆய்வுகள்தாம். பின்னர் வந்த ரேனால் ஜன்கோ, 1,800-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வை 2012-இல் வெளியிட்டபோது, கேள்வியையே சற்று மாற்றிக் கேட்டிருந்தார். எவ்வளவு நேரம் என்பதோடு நில்லாமல், அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டார். செலவிட்ட நேரம் கூடக்கூட மதிப்பெண் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் இணைப்புகளைப் பகிர்வது போன்ற தகவல் தேடும் பயன்பாடு மதிப்பெண்ணோடு நல்ல முறையில் பொருந்தியிருந்தது. தன்னைப் பற்றிய பதிவுகளை இட்டுக்கொண்டே இருப்பது அப்படிப் பொருந்தவில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது: பொதுவான பயன்பாட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையிலுள்ள எதிர்மறைத் தொடர்பு சிறியது, படிக்கும்போதே இடையிடையே பயன்படுத்தினால் அது சற்றுக் கூடுகிறது, படிப்புக்காகவே பயன்படுத்தினால் தொடர்பு நேர்மறையாக மாறுகிறது.

இந்த முடிவுகளை முன்வைத்து, பாதிப்பு சிறியதுதானே என்று சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். சராசரி என்பது எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது. கைப்பேசியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மாணவரும் அதில் இரவுகளைத் தொலைக்கும் மாணவரும் அதில் ஒன்றாகிவிடுகிறார்கள். அதோடு, இத்தகைய ஆய்வுகளில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதும் கடினம். பாடம் புரியாமல் மனம் சோர்ந்த மாணவர் அந்தச் சோர்விலிருந்து தப்பிக்கக் கைப்பேசியை எடுக்கலாம். அப்போது கைப்பேசி நோயாக அல்லாமல் நோயின் அறிகுறியாகத்தான் இருக்கும்.

காரணத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வரலாற்றிலேயே அமைந்திருந்தது. ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், அங்கே படித்த மாணவர்களாலேயே தொடங்கப்பட்டது. பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமாகத் திறந்துவிடப்பட்டு, 2006 செப்டம்பரில்தான் 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்ற நிலை வந்தது. இன்றைய சமூக ஊடகங்களில் மிகப் பெரிய ஒன்று பல்கலைக்கழக மாணவர்களிடம்தான் முதன்முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். வெவ்வேறு கல்லூரிகளுக்கு அது வெவ்வேறு நாள்களில் சென்று சேர்ந்ததால், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கல்லூரிகளையும் இன்னும் சேராத கல்லூரிகளையும் ஒப்பிட முடிந்தது. லூக்கா பிராகியேரி, ரோயீ லெவி, அலெக்செய் மகாரின் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 775 அமெரிக்கக் கல்லூரிகளின் தரவுகளைக் கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்து, 2022-இல் வெளியிட்டார்கள். ஃபேஸ்புக் வந்து சேர்ந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் குன்றியது. மனநலக் குறைவால் தங்கள் படிப்பு பாதிக்கப்பட்டது என்று சொன்ன மாணவர்களும் கூடினார்கள். மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்வது இதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய முடிவு.

இந்த ஆய்வை வாசித்தபோது என்னை அதிகம் கலங்கச் செய்தது அதன் முடிவைக் காட்டிலும் அதன் காலம்தான். அன்றைய ஃபேஸ்புக்கை மாணவர்கள் கணினி முன்னால் அமர்ந்துதான் பார்த்தார்கள். ஐஃபோன் 2007-இல்தான் வந்தது. ‘லைக்’ எனப்படும் விருப்பக்குறிப் பொத்தான் 2009-இல்தான் வந்தது. பார்க்கப் பார்க்கத் தீராமல் கீழே நீண்டுகொண்டே போகும் பக்கமும், அரை நிமிடத்துக்கொன்றாக மாறும் காணொளிகளும் அன்று இல்லை. இன்றைய கருவிகளில் பாதிகூட இல்லாத ஒன்றே மாணவர்களின் மனத்தையும் படிப்பையும் தொட்டது என்றால், சட்டைப்பையில் எந்நேரமும் அதிர்ந்துகொண்டிருக்கும் இன்றைய கருவியைப் பற்றி நாம் எவ்வளவு பொறுப்போடு யோசிக்க வேண்டும்!

ஆனாலும் மனநலத்தை விடவும் நான் அன்றாடம் நேரில் காண்பது வேறொன்று. என்னிடம் வரும் மாணவர்களில் பலர் சோம்பேறிகள் அல்லர். மாலை ஏழு மணிக்குப் புத்தகத்தைத் திறந்து ஒன்பது மணிக்கு மூடுகிறார்கள். இரண்டு மணி நேரம் படித்தோம் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். மறுநாள் கேட்டால் நான்கு பக்கங்களுக்கு மேல் எதுவும் நினைவில் இல்லை. நடந்தது என்னவென்று பொறுமையாகக் கேட்டால் தெரியவரும்: அந்த இரண்டு மணி நேரத்தில் வகுப்புக் குழுவில் ஒரு செய்தி வந்தது, அதைப் பார்த்தார், திரையை அணைக்கும் முன் இன்ஸ்டாகிராமின் சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டது, அதையும் பார்த்தார், மீண்டும் புத்தகத்துக்கு வந்தபோது எந்த வரியில் விட்டோம் என்று தெரியாமல் பத்தியின் தொடக்கத்துக்கே போனார், பத்தி முடிவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. இப்படி ஒரே பத்தியை ஐந்து முறை தொடங்கிய மாணவர், தனக்குப் படிப்பு ஏறவில்லை, தன் மூளை மந்தமாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். மதிப்பெண் குறைவதைவிட இந்தத் தவறான முடிவு எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது, ஏனெனில் மதிப்பெண்ணை அடுத்த பருவத்தில் மீட்டுவிடலாம். தன்மேல் இழந்த நம்பிக்கையை மீட்பதற்கு ஆண்டுகள் ஆகின்றன.

இது தனிமனிதப் பலவீனம் அன்று என்பதை அறிவியல் தெளிவாகவே காட்டியிருக்கிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் 2009-இல் ஆராய்ந்து, அதைக் கவனத்தின் எச்சம் என்று குறிப்பிட்டார். லாரி ரோசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 263 மாணவர்களை, பள்ளிப் பருவத்தினரையும் பல்கலைக்கழக மாணவர்களையும் சேர்த்து, அவர்கள் படிக்கும் இடத்திலேயே 15 நிமிடம் கூட இருந்து கவனித்தார்கள். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்திருந்தும், சராசரியாக ஆறு நிமிடத்துக்குள்ளாகவே அவர்களுடைய கவனம் வேறெதற்கோ தாவியது என்று 2013-இல் அவர்கள் எழுதினார்கள். ஆறு நிமிடத்தில் ஒரு தேற்றத்தின் நிறுவலையோ, ஒரு சட்டத் தீர்ப்பின் வாதத்தையோ, ஒரு நாவலின் அத்தியாயத்தையோ உள்வாங்க முடியாது. பல்கலைக்கழகப் படிப்பு பள்ளிப் படிப்பிலிருந்து வேறுபடுவதே நீண்ட சிந்தனையைக் கேட்பதால்தான். அந்த நீளத்தைத்தான் இந்தக் குறுக்கீடுகள் வெட்டிப் போடுகின்றன. ஆகவே மாணவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கைப்பேசியில் இருந்தாய் என்பதைவிட, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் கைப்பேசி இல்லாமல் இருந்தாய் என்பதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குறுங்காணொளிகளில் பாடம் படிப்பதைப் பற்றியும் ஒரு சொல். நல்ல ஆசிரியர் ஒருவர் ஒரு கருத்தை மூன்று நிமிடத்தில் விளக்குவதைப் பார்ப்பதில் தவறில்லை; வகுப்பில் புரியாத பலவற்றை மாணவர்கள் யூடியூபில் புரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் புரிந்தது போன்ற உணர்வு வேறு, நினைவில் நிற்பது வேறு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே ஓட்டும் திரையில், மூடிவிட்டு எழுதிப் பார்க்கும் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை.

சமூக ஊடகத்தை முழுத் தீமையாகச் சித்திரிப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் மாணவர் குழுவில் கேள்வி கேட்கிறார். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவருக்கு, உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை மூத்த மாணவர்கள் குழுவில்தான் சொல்லித் தருகிறார்கள். ஜன்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், முதலாண்டு மாணவர்கள் 125 பேரில் ஒரு பிரிவினரோடு ஆசிரியர்கள் ட்விட்டர் வழியாகப் பாடம் சார்ந்த உரையாடலைத் தொடர்ந்து நடத்தியபோது, அந்தப் பிரிவினரின் ஈடுபாடும் மதிப்பெண்ணும் மற்றவர்களைவிட உயர்ந்தன. கருவியை யார், எதற்காக, எந்த வரையறைக்குள் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அங்கே வேறுபாட்டை உண்டாக்கியது. அந்தச் சோதனையில் ஆசிரியர்கள் திட்டமிட்டு நடத்தினார்கள். நம் குழுக்களை இப்போது யாரும் திட்டமிட்டு நடத்தவில்லை.

இனி நம் பங்குக்கு வருகிறேன். என் துறையில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை, அதில் எனக்கும் பொறுப்பு உண்டு என்ற உணர்வோடு சொல்கிறேன். நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு மாணவி, முந்தைய பருவத்தில் மதிப்பெண் குறைந்ததால் மனம் வருந்தி, நாங்கள் வகுப்பில் சொன்ன அறிவுரையை அப்படியே ஏற்று, அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் கைப்பேசியிலிருந்த சமூக ஊடகச் செயலிகள் அனைத்தையும் நீக்கிவிட்டார். தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மேல், பிற்பகலில் நடக்கவிருந்த தேர்வு காலையிலேயே நடக்கும் என்ற மாற்றம் வகுப்புக் குழுவில் மட்டும் அறிவிக்கப்பட்டது. அவர் வந்து சேர்ந்தபோது தேர்வு முடிந்திருந்தது. குழுவில் போட்டோமே, ஏன் பார்க்கவில்லை என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. மறுதேர்வு பெறுவதற்கு அவர் இரண்டு வாரம் அலைந்தார். கிடைத்தது, ஆனால் அந்த இரண்டு வாரமும் அவர் வேறெதையும் படிக்கவில்லை. அதன்பின் ஒருநாள் என்னிடம் வந்து, சார், இனிமேல் நான் எதையும் நீக்க மாட்டேன், தூங்கும்போதும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன் என்றார். அந்த இரவு அறிவிப்பு வந்தபோது அந்தக் குழுவில் நானும் இருந்தேன். படித்துவிட்டு, சரி என்று கட்டைவிரல் குறி இட்டுவிட்டு உறங்கப் போயிருந்தேன்.

அன்றிலிருந்து கணக்கெடுத்துப் பார்த்து வருகிறேன். சாதாரணமாக ஒரு மாணவர் பாடத்துக்கொரு குழு, வகுப்புக்கொரு குழு, ஆய்வகக் குழு, திட்டப்பணிக் குழு, விடுதிக் குழு, வேலைவாய்ப்புக் குழு, மன்றங்களின் குழுக்கள் என்று பத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் இருக்கிறார். வாழ்த்துகள், கேலிப்படங்கள், ஒரே கேள்விக்கு வரும் நாற்பது பதில்கள், இவற்றுக்கு நடுவே எங்கோ ஒரு மூலையில் ஒப்படைப்புக்கான கடைசி நாள் மாறியிருக்கும். குழுவை ஒலியடக்கி வைக்கச் சொல்வது எளிது. ஒலியடக்கி வைத்தால் அந்த ஒரு வரி தவறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். எனவே ஒவ்வொரு அதிர்வுக்கும் எடுத்துப் பார்க்கிறார். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், மனித கவனத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மற்ற செயலிகளும் அதே திரையில் காத்திருக்கின்றன. மாணவரின் கையை அந்தத் திரைவரை கொண்டுபோய் விடுவது நம் அறிவிப்பு. அதற்குப் பிறகு நடப்பதற்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்குகிறோம்.

இன்னும் சில வழக்கங்களும் கவலை தருகின்றன. கல்லூரி விழாக்களின் போட்டிகளில், அதிக விருப்பக்குறி பெற்ற பதிவுக்குப் பரிசு என்று அறிவிக்கிறோம். பெற்ற ஒவ்வொரு சான்றிதழையும் லிங்க்ட்இனில் பதிவிட வேண்டும் என்று வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து வற்புறுத்துகிறார்கள். நண்பர்களின் சாதனைப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, தான் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று நள்ளிரவில் மனம் குமையும் இறுதியாண்டு மாணவர்களை நான் அறிவேன். பெரிய குழுக்களில் மாணவியரின் கைப்பேசி எண்கள் அறிமுகமில்லாத எல்லாருக்கும் தெரிந்துவிடுவதும், அதன்வழி வரும் தொல்லைகளும் தனியே ஒரு மடலுக்குரியவை.

தடை விதித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2024-இல் நிறைவேற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அது குழந்தைகளுக்கானது. நம் மாணவர்கள் வாக்களிக்கும் வயதினர். என்ன பார்க்க வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்று அவர்களுக்கு நாம் ஆணையிட முடியாது, ஆணையிடவும் கூடாது. வளாக இணையத்தில் தளங்களை முடக்குவதால் பயனில்லை என்பதை முடக்கிப் பார்த்த எல்லாரும் அறிவார்கள். நமக்கு அதிகாரம் உள்ள இடம் ஒன்றே ஒன்று: நம்முடைய நடத்தை. அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்புகள் அனைத்தும், அவை தேர்வு நேரமாக இருந்தாலும் அறை மாற்றமாக இருந்தாலும், பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான ஓர் இடத்தில், இணையதளத்திலோ மாணவர் தளத்திலோ மின்னஞ்சலிலோ, முதலில் வெளிவர வேண்டும். அங்கே வெளிவராதது அறிவிப்பே ஆகாது என்று விதி செய்யுங்கள். குழுக்களில் அதன் நகலைப் போடுவது ஆசிரியர்களின் விருப்பம். ஆனால் குழுவில் மட்டும் சொல்லப்பட்ட ஒன்றைத் தவறவிட்டதற்காக எந்த மாணவரும் ஒரு மதிப்பெண்கூட இழக்கக் கூடாது. அறிவிப்புகளுக்கு நேரமும் வேண்டும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று நாளுக்கு இரண்டு வேளை வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளியிடப்படும் எந்த மாற்றமும் மறுநாளைக்குச் செல்லுபடியாகாது என்று சொல்லுங்கள். உண்மையான அவசரநிலைகள், அதாவது உயிருக்கும் பாதுகாப்புக்கும் தொடர்புடையவை, ஆண்டுக்கு ஓரிரண்டுதான் வரும். அவற்றுக்குக் குறுஞ்செய்தியோ தொலைபேசியோ போதும். நாம் அவசரம் என்று இரவில் அனுப்புபவற்றுள் பெரும்பாலானவை, முன்கூட்டியே திட்டமிடாமல் நாம் விட்டவை.

மாணவர்கள் மின்னஞ்சலைப் பார்ப்பதே இல்லையே என்ற மறுப்பு உடனே எழும். உண்மைதான், பார்ப்பதில்லை. பார்த்தாக வேண்டிய எதையும் நாம் அங்கே வைக்காததால் பார்ப்பதில்லை. தேர்வு அட்டவணை அங்கே மட்டும்தான் வரும் என்றால் ஒரே வாரத்தில் பழகிவிடுவார்கள். ஆசிரியர்களாகிய நாம் பழகுவதற்குத்தான் கூடுதல் காலம் ஆகும் என்று அஞ்சுகிறேன், ஏனெனில் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு வரியைத் தட்டிவிடும் வசதியை இழக்கப்போவது நாம்தான்.

அந்த வசதியைவிட மாணவர் பெறப்போகும் அமைதி மதிப்புமிக்கது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட் குழுவினர் 143 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஆகியவற்றை நாளொன்றுக்குத் தளத்துக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்ட மாணவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. யாரும் முற்றிலும் துறக்கவில்லை, அளவிட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் மாணவர்களில் பலரும் இப்படி அளவிட்டுக்கொள்ள விரும்புகிறார்கள். அவர்கள் விரும்பினாலும் இன்று முடியாது. எந்நேரம் எந்தக் குழுவில் எது வரும் என்று தெரியாத நிலையில், அரை மணி நேரம் என்று எல்லை வகுப்பது எப்படி?

வகுப்பறைக்குள்ளும் ஒரு சிறு மாற்றம் வேண்டும். ஃபாரியா சானா, டினா வெஸ்டன், நிக்கோலஸ் செப்பேடா ஆகியோர் 2013-இல் வெளியிட்ட சோதனையில், வகுப்பின்போது மடிக்கணினியில் வேறு வேலைகளும் செய்த மாணவர்கள் அந்த வகுப்பின் தேர்வில் 11 விழுக்காடு குறைவாகப் பெற்றார்கள். மடிக்கணினி இல்லாமல், அந்தத் திரைகள் கண்ணில் படும்படி பின்னால் அமர்ந்திருந்தவர்கள் 17 விழுக்காடு குறைவாகப் பெற்றார்கள். தவறே செய்யாதவருக்கே இழப்பு அதிகம். ஆகவே, முன்வரிசைகளைத் திரையில்லா வரிசைகளாக ஒதுக்குவதும், திரை தேவைப்படுபவர்களைப் பின்னால் அமரச் சொல்வதும் தண்டனை ஆகாது. கவனிக்க விரும்பும் மாணவருக்கு நாம் தரவேண்டிய பாதுகாப்பு அது. கண்பார்வை, செவித்திறன் போன்ற காரணங்களால் கருவி தேவைப்படும் மாணவர்களுக்கு இதிலிருந்து கேள்வியின்றி விலக்கு அளிக்கப்பட வேண்டும்.

நூலகத்தில் கைப்பேசியை வைத்துவிட்டுச் செல்லும் ஒரு வாசிப்புக் கூடம் அமைத்துத் தாருங்கள். கட்டாயத்தால் அல்லாமல், விரும்பி வருபவர்களுக்காக. வாசலில் பூட்டுடன் கூடிய சிறு பெட்டிகள், உள்ளே மேசையும் வெளிச்சமும் சுவரில் ஒரு கடிகாரமும் இருந்தால் போதும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. தனியாக மன உறுதியோடு போராடிக் களைத்துப்போகும் மாணவருக்கு, தன்னைப் போலவே கைப்பேசியை விட்டுவிட்டு வந்து படிக்கும் முப்பது பேரின் நடுவில் அமர்வது எவ்வளவு பெரிய துணை என்பதை, என் அறையிலேயே வாரம் இரு மாலைகள் இப்படி ஆறேழு மாணவர்களை அமர்த்திப் படிக்க வைத்தபோது கண்டேன். முதல் மாலை பலருக்கும் கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது. மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவர், ஒரு முழு அத்தியாயத்தை நிறுத்தாமல் வாசித்து முடித்துவிட்டு, இது என்னால் முடியும் என்றே நான் நினைத்திருக்கவில்லை என்றார். தன் மூளை மந்தமாகிவிட்டது என்று சில மாதங்களுக்கு முன் என்னிடம் சொன்னவர் அவர்தான்.

இவற்றால் மதிப்பெண்கள் உயருமா என்று கேட்பீர்கள். உயரும் என்று இப்போதே உறுதி கூற நான் முனையவில்லை. ஆனால் அளந்து பார்க்கும் திறன் நம்மிடமே இருக்கிறது. இரண்டு துறைகளில் அறிவிப்பு விதியை ஒரு பருவம் நடைமுறைப்படுத்துங்கள். மற்றவற்றை இப்போதுபோலவே விடுங்கள். பருவ முடிவில் மதிப்பெண்ணையும், வருகையையும், மாணவர்கள் தாமே சொல்லும் தடையற்ற படிப்பு நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட நாம், நம் மாணவர்களின் படிப்பைக் கெடுப்பது எது என்ற கேள்வியில் மட்டும் பொதுப்பேச்சை நம்பி முடிவெடுப்பது நமக்குப் பெருமை சேர்க்காது.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் நாளில் புதிய மாணவர்கள் அரங்கில் வந்து அமர்வார்கள். வரவேற்புரை முடிவதற்குள்ளாகவே திரையில் ஒரு கட்டக் குறியீடு (கியூஆர் கோடு) தோன்றும். அதைக் கைப்பேசியில் படம்பிடித்துக் குழுவில் சேருங்கள் என்று சொல்வோம். பல்கலைக்கழகம் அவர்களுக்குச் சொல்லும் முதல் சொல் அதுவாக இருக்கிறது. அந்த நாள் வருவதற்கு முன், கல்விப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இந்த அறிவிப்பு விதியைப் பொருள்நிரலில் சேர்த்து, மாணவர் பிரதிநிதிகளையும் அழைத்து விவாதித்து முடிவெடுக்குமாறு வேண்டுகிறேன். முடிவு எட்டப்பட்டால், அன்று அந்தக் கட்டக் குறியீட்டுக்குப் பதிலாக ஒரு சிறு தாளை அவர்கள் கையில் கொடுக்கலாம்: அறிவிப்புகள் எங்கே வரும், எந்த இரண்டு வேளையில் வரும், மாலை ஆறு மணிக்குப் பிறகு பல்கலைக்கழகம் அவர்களை அழைக்காது என்ற மூன்று செய்திகளோடு. அந்தத் தாளை அச்சிடும் பணியையும், என் துறையில் இந்தச் சோதனையை நடத்தும் பொறுப்பையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
ஒரு பல்கலைக்கழக ஆசிரியர்